கீழைத்துறையாரின் ஓசை

நீர் நிறைக. நெல் நிறைக. ஏழு குன்றமும் இரண்டு பேராறும் ஒரு குடைக்கீழ் காத்தருளும் நன்னாக வேள் கோமகனார் திருமுகம் பணித்தபடி, அவர்தம் திருமுன் ஓலைநாயகம் பொழில்வாணன் எழுதுவித்து விடுத்த ஓலை. கீழ்க்கூற்றத்துப் புன்னைமேட்டு நாடாள்வார், எல்லைப்படை தாங்கிய தோளினர், செங்கழல் ஆதனார் இதனைத் தலைமேற்கொண்டு அவையில் வாசிப்பிக்க. உம்முடைய மேட்டுப் புன்னைகள் பூத்துக் குலுங்குக. உம் தொழுவங்களில் கன்றுகள் துள்ளுக. உம் வாயிலுக்கு வருகிற எவரும் வாடிய முகத்தோடு திரும்பாதிருப்பாராக.

ஓலை ஈரமாய் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்தவனைக் கடிய வேண்டாம். எண்ணெய்ச் சீலையில் மும்முறை சுற்றியே அனுப்புகிறோம். இந்தச் செய்தியைத் தாங்கும் ஓலை எதுவானாலும் வழியில் ஈரம் கோத்துக்கொள்கிறது. முன்னர் விடுத்த ஓலை பாதி வழியிலேயே ஊறிக் கிழிந்து போயிற்று. இதனையும் நெருப்பில் காட்டாமல், கைபட்ட இடம் துடைத்து, வந்தபடியே வாசிக்க.

நம் நாட்டு வழக்கம் நாடாள்வார் அறியாததன்று. கோமகன் சொல் ஓலையில் இருக்கிறவரை வெறும் எழுத்து. ஊரார் தம் சொந்த வாயோசையில் அதைக் கேட்ட பிறகே அது ஆணை. அரண்மனையில் நாவை மடித்து மழை என்கிறோம். பெருநீர் ஏரியின் மேலைத்துறையார் அதையே மளை என்பர். மணற்பற்றிலோ சொல்லின் கடைசியை விழுங்கிவிட்டுப் பாதியைத்தான் வெளியே விடுவர். ஆகையால் முரசறைவோன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் ஓசையை எடுத்துக்கொள்ள வேண்டும். விடியலில் நீர்த்துறைப் படியில், ஊருக்கு முதுகு காட்டி, தலையில் சீலையைப் போட்டு மூடிக்கொண்டு அமர்வான். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் காது சோம்பிவிடும் என்பது அந்தத் தொழிலாரின் கொள்கை. தண்ணீர் எடுக்க வருவோர் பேச்சு நாவில் ஊறிய பிறகு எழுந்துபோய் முரசறைவான்.

வேலை முடிந்ததும் எடுத்த ஓசையைத் திருப்பித் தரவும் வேண்டும். ஊராரில் ஒருவர் முரசறைவோனைப் பெயர் சொல்லி அழைப்பார். அவன் தான் பிறந்த ஊர் ஓசையில் மறுமொழி கொடுப்பான். அத்துடன் எடுத்தது ஊருக்கே போய்விடும். அப்படித் தராமல் வந்தால் ஓசை நாவிலேயே தங்கிவிடும் என்று முரசறைவோர் சொல்லுவர். ஓலைநாயகம் இதைக் கேட்டுப் பலமுறை சிரித்ததுண்டு. இனிச் சிரிக்கமாட்டார்.

இவ்வோலை ஏறன் என்பானைப் பற்றியது. அரண்மனை முரசறைவோரில் அவன் காதுக்கு இணையான காது இல்லை. பிறந்தது கல்லுப்பற்று. அவ்வூரார் றகரத்தைச் சாதாரணமாய்ச் சொல்லமாட்டார்கள். பாறைமேல் வண்டிச்சக்கரம் ஏறுவதுபோல் உருட்டித்தான் விடுவார்கள். அவன் மனைவி நறுவியும் அதே ஊர்க்காரி. ஊர்சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது தெருமுனையிலிருந்தே அவன் அவள் பெயரைக் கூப்பிடுவான். ஏறன் வீட்டுக் கல் உருண்டுவிட்டது, இனி உலை வைக்கலாம் என்று அண்டைவீட்டார் கேலி செய்வர். அவள் அந்தக் கேலியை உள்ளூர விரும்பினாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கோமகனார் முடிசூடிய செய்தியை ஊர்தோறும் சொல்ல முரசுகள் புறப்பட்டபோது, மேலைத்துறை ஏறன் பங்குக்கு வந்தது. அவன் அந்த ஊருக்கு அதற்குமுன் போனதில்லை. போய்ச் சேர்ந்த விடியலில் ஏரிமேல் பனி அடைத்துக் கிடந்தது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை. பேச்சுக்குரல் கேட்ட படித்துறையைத் தடவிப் பிடித்து, தொழில்முறைப்படி முதுகு காட்டி, சீலையால் தலையை மூடி அமர்ந்தான்.

நல்ல கூட்டம் என்று நினைத்தான். குடம் படியில் உரசியது. யாரோ துணி அலசினார்கள். வாயை இலை அறுக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. மயை பிடித்துக்கொள்ளும் என்றாள் இன்னொருத்தி. ழகரம் அவர்கள் வாயில் யகரமாய் வழுக்கியது. றகரத்துக்கு எலும்பே இல்லை. ஒவ்வொரு பேச்சின் முடிவும் நீண்டு, குடத்துக்குள் தண்ணீர் புகுவதுபோல் இறங்கி அடங்கியது. இத்தனை அழகான ஓசையைத் தான் கேட்டதே இல்லை என்று ஏறன் பிற்பாடு ஓலைநாயகத்திடம் சொன்னான். அப்பொழுது அவன் கண் கலங்கியிருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவே, அரண்மனையிலிருந்து சேதி ஏதும் வந்ததா என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்றாள் மற்றவள். முடிசூட்டுச் செய்திக்குத்தான் இப்படிக் காத்திருக்கிறார்கள் போலும் என்று ஏறன் மனம் குளிர்ந்தான்.

பனி விலகி வெயில் வந்ததும் ஊர் நடுவே முரசை வைத்து, எடுத்த ஓசையில் அறிவித்தான். ஏயு குன்றமும் என்று வாய் திறந்த அளவிலேயே வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் கை நின்றது. இடுப்புக் குடத்தை ஒருத்தி மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள். யாரும் அழவில்லை, கூச்சலிடவும் இல்லை. ஆளுக்கொரு பக்கமாய் நடந்துபோனார்கள். கதவுகள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. ஓசையைத் திருப்பித் தர வேண்டுமே, யாராவது பெயர் சொல்லி அழையுங்கள் என்று ஏறன் வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சலும் அந்த ஓசையிலேயே வந்ததால் தாழ்ப்பாள்கள் இன்னும் இறுகின.

முடிவில் ஊர்த்தலைவி செந்தாழை மட்டும் வெளியே வந்தாள். நரைத்தவள், எதற்கும் அஞ்சாதவள், அன்று கதவில் வைத்த கையை எடுக்காமலே நின்றாள்.

“அந்தப் பேச்சு பேசுற வாயி ஒண்ணுகூட இப்ப உசுரோட இல்லய்யா. நீரு எங்கன போயி எடுத்தீரு?” என்றாள்.

ஏறன் படித்துறையைக் காட்டினான். பாசியேறி, நடுவே பிளந்து கிடந்த அந்தப் படியில் அவ்வூரார் கால் வைப்பதை விட்டு அநேக காலம் ஆயிற்று. எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அங்கேதான் முன்னர் கீழைத்துறை என்றோர் ஊர் இருந்தது.

நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். முந்தைய கோமகனார் காலத்தில் பெருமழை பிடித்து ஏரி தளும்பியபோது, தலைநகரைக் காப்பதற்காகக் கீழ்க்கரையை வெட்டிவிட ஆணையாயிற்று. கீழைத்துறையார் எழுந்து உயரமான புன்னைமேட்டுக்குப் போய்விட வேண்டும், அங்கே அவர்களுக்கு நிலம் ஒதுக்கியாயிற்று என்று சொல்ல முரசறைவோன் வந்தான். மேலைத்துறையிலிருந்து பரிசல் போகாதபடி ஏரியில் சுழல் இருந்தது. மேலைத்துறையாரோ, சுழல் தணிந்ததும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், முரசறைவோரே, நீர் திரும்பிப் போம் என்றார்கள். ஒருவர் சொல்லுவார் என்று மற்றவர் இருந்துவிட்டார்கள். கரை வெட்டப்பட்டது.

“எங்க அக்கா அங்கனதான் வாக்கப்பட்டிருந்தா. கல்யாணமானதும் அவ பேச்சே மாறிப்போச்சு. அவ வந்தான்னா நாங்க அவள மாதிரி பேசிப் பேசிச் சிரிப்போம். அன்னிக்கு என்னயத்தான் போச் சொன்னாக. பரிசல்காரரு போவாருன்னு நான் இருந்துட்டேன்” என்றாள் செந்தாழை.

அவள் ஏறனைப் பெயர் சொல்லி அழைக்க மறுத்தாள். அந்த ஓசை தன் ஊரார் கையில் வாங்கத்தக்கது அன்று, உரியவர்தாம் வாங்க வேண்டும் என்றாள். மாண்டவர் தன்னைப் பெயர் சொல்லி அழைக்க, அதற்கு மறுமொழி கொடுத்தவன் அவர்களோடே போய்விடுவான் என்பது அவ்வூர் நம்பிக்கை. அவள் அதையும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஏறன் வீடு திரும்பினான். தெருமுனையில் நின்று மனைவியைக் கூப்பிட்டான். கல் உருளவில்லை. நருவீஈ என்று நீண்டு, இறங்கி, அடங்கிற்று. அவர் ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன், யாரென்று சொல்வது என்று கதவுக்குப் பின்னாலிருந்து நறுவி கேட்டாள். தன் வீட்டு வாசலில் நின்று தன் பெண்டாட்டியிடம் தான் யாரென்று விளக்க நேர்ந்தவன் படும் பாடு நாடாள்வாருக்குப் புரியும். இருவருக்கும் மட்டுமே தெரிந்த செய்திகளை அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு அச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் முகம் பார்த்துத்தான் திறந்தாள். முகம் அவருடையது, குரல்தான் வேறு யாருடையதோ என்று அவள் அழுததிலிருந்து ஏறன் வீட்டில் வாய் திறப்பதை நிறுத்தினான். கையசைத்துச் சோறு கேட்டான். தூக்கத்தில் பேசிவிடுவோமோ என்று வாயில் துணி கட்டிக்கொண்டு உறங்கினான்.

முரசடிக்க வரவில்லை என்று ஓலைநாயகம் ஆளனுப்பி அழைப்பித்தார். சாக்குச் சொல்கிறான் என்றே எண்ணினார். திப்பிலியும் தேனும் நாவில் தடவச் செய்தார், மருத்துவர் கசாயம் கொடுத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. ஏறன் கேட்டது ஒன்றே. தன் ஓசை தனக்கு வேண்டும். அது இல்லாமல் தன் வீட்டில் தானே அயலானாய் இருக்க முடியாது. உரியவரிடம் திருப்பித் தரத் தன்னை மறுபடி அங்கே அனுப்ப வேண்டும் என்றான். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துமா என்று ஓலைநாயகம் வினவினார். அவர்கள் இல்லையென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று ஏறன் திருப்பிக் கேட்டான். ஓலைநாயகம் வண்டி பூட்டச் சொன்னார். வேடிக்கை பார்க்கும் ஆவலும், கொஞ்சம் அச்சமும் சேர்ந்து தள்ள, தாமும் உடன் புறப்பட்டார்.

அன்றும் விடியலில் பனி அடைத்திருந்தது. பிளந்த படியில் இருவரும், நீரில் மூழ்கிய ஊருக்கு முதுகு காட்டி அமர்ந்தனர். ஏறன் தன் தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு, ஓலைநாயகத்தின் தலையிலும் ஒன்றைப் போட்டான். செந்தாழை படிக்கு மேலே தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முதலில் தவளைகள் ஓய்ந்தன. பிறகு குடம் உரசிற்று. ஓலைநாயகம் சொல்வதை நாடாள்வார் நம்பினும் சரி, நம்பாவிடினும் சரி. தம் முதுகுக்குப் பின்னால், நீர் மட்டுமே உள்ள இடத்தில், பெண்கள் வாழை இலையைப் பற்றிப் பேசிக்கொண்டதை அவர் கேட்டார். ஈரச்சீலையின் குளிர் அவர் பிடரியில் பட்டது. மயை பிடித்துக்கொள்ளும் என்று ஒருத்தி சொன்னாள். பேசிக்கொண்டே வந்து, ஏறன் அன்று கேட்ட இடத்திலேயே நின்றார்கள்.

“அரமனச் சேதி வந்துச்சாஆ?”

“இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையேஏ.”

ஏறனுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. அவர்கள் காத்திருந்தது முடிசூட்டுக்காக அன்று. எழுந்து போங்கள் என்று அவர்கள் ஓசையில் எவரும் சொல்லவில்லை. சொல்லாத ஆணை ஆணையன்று. ஆகவே கீழைத்துறையார் இன்னும் ஊரைவிட்டு எழவில்லை. கரை வெட்டுண்ட நாளிலிருந்து இதையே ஒவ்வொரு விடியலிலும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். வெள்ளத்தைவிட அந்தக் காத்திருப்புத்தான் கொடியது என்றான் ஏறன்.

அவன் ஓலைநாயகத்தின் கையைப் பற்றி, பழைய ஆணையைத் தான் இப்பொழுது சொல்ல ஒப்புதல் வேண்டினான். மறைந்துபோன கோமகனாரின் ஆணையை யார் பேரால் சொல்வது என்று ஓலைநாயகம் தயங்கினார். சட்டம் பேசுகிற வாய்க்கு அந்த நேரத்திலும் சட்டம்தான் வந்தது. பிறகு கழுத்திலிருந்த முத்திரையைக் கழற்றி அவன் மடியில் இட்டார். ஏறன் எழுந்து, தொழிலில் முதன்முறையாய்த் திரும்பி நின்று, தண்ணீரைப் பார்த்து முரசறைந்தான்.

“கீயத்தொரை ஊராரேஏ! அரமன ஆணையிதுஉ! கரைய வெட்டப் போராகஅ! மாட்ட அவுத்துவிட்டுட்டு, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு, எல்லாரும் எயுந்து புன்னமேட்டுக்குப் போயிருங்கஅ! அங்க ஒங்களுக்கு நெலம் இருக்குஉ!”

அதன்பின் பனிக்குள்ளே ஓர் ஊர் எழுந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கும் சீற்றம் வீடுவீடாய்க் கேட்டது. தும்பவிழ்த்த மாடுகளின் மணி அசைந்தது. கட்டில்கள் இழுபட்டன, கோழிகள் கத்தின, தூங்குகிற பிள்ளையை எழுப்பும் தாயின் அதட்டல் கேட்டது. எவரும் பதறவில்லை. சொல்லிவிட்டார்கள், போகலாம் என்கிற நிம்மதிதான் அந்த அரவத்தில் இருந்தது. செந்தாழை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளை ஒரு குரல் கூப்பிட்டது. செந்தாயேஏ என்றது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, அக்கா, நான்தான் வரலே, என்னயத்தான் போச் சொன்னாக என்றாள்.

“இப்பச் சொல்லிட்டாகல்லாஆ. போதும்டீஈ” என்றது அக்குரல்.

பிறகு அது, சேதி சொன்ன பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டது. ஓலைநாயகம் பாய்ந்து ஏறனின் வாயைப் பொத்தினார். அவன் அந்தக் கையை மரியாதையோடு விலக்கித் தன் பெயரைச் சொன்னான். நான் அவர்களோடு போனால் நறுவியிடம் சொல்லுங்கள், போகாவிட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னான். பனிக்குள்ளிருந்து அவன் பெயர் நீண்டு, இறங்கி, அடங்கி வந்தது.

ஏறன் மறுமொழி கொடுத்தான். “ஏறன் இங்கன நிக்கிறேன்” என்றான். பாறைமேல் சக்கரம் ஏறியது. ஓலைநாயகத்தின் காதுக்கு அதைவிட இனிய ஓசை அன்றுவரை எட்டியதில்லை. ஏறன் எங்கும் போகவில்லை. கன்னம் நனைய அங்கேயே நின்றான். அவன் பக்கத்துப் படிகளில் மட்டும், யாரும் நடக்காமலே, ஈரப் பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதிந்து மேலேறிக் கீழ்க்கூற்றத்துச் சாலைப் பக்கம் திரும்பின. வெயில் வந்த பிறகும் அவை உலரவில்லை.

ஏறன் இப்பொழுது வீட்டில் இருக்கிறான். தெருமுனையிலிருந்து கூப்பிட்டபோது நறுவி கதவைத் திறந்த வேகத்தில் கீல் பெயர்ந்துவிட்டதாம். அண்டைவீட்டார் பழையபடி கேலி செய்கிறார்கள். அவனுக்குக் கோமகனார் பட்டாடை அருளினார்.

ஓலைநாயகத்தின் செய்தி வேறு. முரசறைவோன் வழக்கம் முரசறைவோனுக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார். அன்று அவரும் சீலைக்குள் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்; அவரும் அந்த ஓசையை எடுத்துக்கொண்டார். அவர் பெயரைத்தான் அங்கே யாரும் கேட்கவில்லை. இவ்வோலையை அவர் சொல்லச் சொல்ல, எழுதும் கரணத்தான் ஒவ்வொரு சொல்லையும் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டு வருகிறான். அவன் அடித்துத் திருத்திய இடங்கள் எழுத்தில் தெரிந்தால் பொறுத்தருள்க.

ஆகவே நாடாள்வாருக்குக் கோமகனார் ஆணை. கீழைத்துறையார்க்கென ஒதுக்கப்பட்ட மேட்டு நிலம், உரியவர் வராமையால் உம் குடிகள் உழுது வருவது அரண்மனை அறியும். விளைச்சலை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டு விலகச் செய்க. அந்நிலத்துக்கு வேலி இடற்க. மேற்கு வாயிலை ஓலை கண்ட நாள் முதல் திறந்தே வைக்க. விடியலில் சாலையில் மாட்டு மணி கேட்டு மாடு தெரியாவிடில் காவலர் வேல் ஓங்காது ஒதுங்கி நிற்க. புழுதியில் ஈரப் பாதம் காண்போர் அதை மிதியாது வழிவிடுக. அவர்கள் எத்துணை மெல்ல வருவார்களோ அறியோம். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வந்து சேர்ந்தவர்க்கு, வந்துவிட்டீர்கள், இதுதான் உங்கள் இடம் என்று எவராவது சொல்ல வேண்டும்; அதுவும் அவர்கள் ஓசையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உம் வாயிலிலும் அவர்கள் காத்து நிற்பார்கள். உயிரோடுள்ளாரில் அந்த ஓசை இப்பொழுது ஒரு நாவில்தான் இருக்கிறது. எனவே ஓலைநாயகம் இவ்வோலையின் பின்னே புறப்பட்டு வருகிறார். மேற்கு வாயிலில் அவருக்கு ஒரு மணையும், தலைக்குப் போட ஒரு சீலையும் வைப்பிக்க. அவர் அங்கே அமர்ந்திருக்கையில் உம் ஊரார் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாகாது. அழைக்க வேண்டியவர்கள் வந்து அழைப்பார்கள். அதற்கு அவர் என்ன ஓசையில் மறுமொழி தருவார் என்பதை அவரே இன்னும் அறியார்; அவர் பிறந்த ஊர் ஓசையை அரண்மனையில் மறந்து வெகுகாலம் ஆயிற்று.

இவ்வாணை நீர் உள்ளளவும் நிற்க. முத்திரை இட்டது கோமகனார் திருமுன். கீழே வரும் வரியை மட்டும் திருத்தாமல், சொன்னது சொன்னபடி எழுதுமாறு கரணத்தானுக்குக் கட்டளை.

இவை ஓலைநாயகம் பொயில்வாணன் எயுத்துஉ.